ஆரணி சாந்தினி எடுத்த புத்தகம்

நான் வேலை செய்யும் நூலகத்தில், முன்பதிவு செய்தவர்கள் வந்து எடுத்துப் போவதற்கென்று ஒரு தட்டு இருக்கிறது. அதில் வைக்கும் புத்தகம் ஒவ்வொன்றையும் தலைப்புத் தெரியாதபடி கடதாசியால் சுற்றி, இறப்பர் பட்டி போட்டு வைக்க வேண்டும். கடதாசியில் பெயர் எழுதுவதில்லை. கணினி அச்சடித்துத் தரும் சில எழுத்துகளும் இலக்கங்களும் மட்டுமே இருக்கும். நோர்வேயின் மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு கிடக்கும் சின்ன ஊர் இது. யார் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் என்ன வாசிக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னோடு வேலை செய்யும் ஆஸ்திரிட்டிடம், "இது மீன் சூப் வைப்பது எப்படி என்ற புத்தகம்தானே, இதை ஏன் மூடிக் கட்டுகிறோம்?" என்று கேட்டேன். "அவருக்கு மீன் சூப் வைக்கத் தெரியாது என்பது அவருடைய சொந்த விஷயம்" என்றார் ஆஸ்திரிட். சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த புத்தகத்தைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

எனக்கு இது பழக நாள் எடுத்தது. தொண்டைமானாற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய நூலகத்தில், புத்தகம் எடுப்பதென்பது ஊரைக் கூட்டிச் செய்யும் காரியம். பொறுப்பாக இருந்தவர் புத்தகத்தின் பெயரை உரக்க வாசித்துத்தான் பதிவார். வாங்கில் அமர்ந்து பத்திரிகையை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வாசித்துக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிர்ந்து, நல்ல புத்தகம், கூடாத புத்தகம், முடிவு சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஒருமுறை நான் தையல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுப் படலையைத் திறக்கும்போது, அம்மா தையல் மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தார். செய்தி சைக்கிளில் வந்திருக்கிறது, நான் நடந்து வந்திருக்கிறேன்.

அந்த நூலகத்துக்குத்தான் இப்போது மென்பொருள் வந்திருக்கிறது. கொண்டுவந்தது நாங்கள், அதாவது வெளிநாடுகளில் இருக்கும் ஊரவர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரில் எதையாவது திருத்திக்கொண்டிருக்காவிட்டால் மனம் ஆறாது. நூலகத்தில் வேலை செய்கிறவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்தேன். புத்தகங்களுக்குப் பார்கோட் ஒட்டினார்கள். இன்று ஊரில் இருக்கும் கணினியில் நடப்பதை இங்கிருந்தே என்னால் பார்க்கவும் திருத்தவும் முடியும். ஊரில் அதை நடத்துவது வதனி. முப்பது வயதைத் தாண்டிய, எதையும் மறுத்துப் பேசாத, ஆனால் நினைத்ததை மட்டும் செய்யும் பெண்.

சிக்கல் உறுப்பினர் பெயர்களில் தொடங்கியது. பழைய பதிவேட்டில் இருந்த பெயர்கள் எல்லாவற்றையும் வதனி கணினியில் ஏற்றிவிட்டாள். எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் பெயருக்கு மட்டும்தான் சிவப்புக் கோடு போடுவார்கள். ஊரை விட்டுப் போனவரின் பெயரை வெட்டுவதில்லை. பக்கத்தில் பென்சிலால் கனடா, பிரான்ஸ், நோர்வே என்று சின்னதாக எழுதி வைப்பார்கள். பென்சில் ஏனென்றால், திரும்பி வந்தால் அழிக்கலாம். போரில் இடம்பெயர்ந்த காலத்தில் அந்தப் பதிவேட்டையும் யாரோ சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே கணினியில், வாசிக்கிற பிள்ளைகளைவிட வாசிக்காத வெளிநாட்டார்தான் கூட. இலவச மென்பொருளோ ஓர் அளவுக்கு மேல் உறுப்பினரைச் சேர்க்க விடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அட்டை கேட்டு வந்து திரும்பிப் போனார்கள். பணம் கட்டிப் பெரிய பதிப்பை வாங்குவோம் என்றார்கள் குழுவில். வராதவர்களுக்குக் கதிரை வாங்கிப் போடவா என்று கேட்டுவிட்டு, வெளிநாட்டுப் பெயர்களை நீக்கச் சொல்லி வதனியிடம் சொன்னேன். ஓம் அக்கா, பாக்கிறன் என்றாள். ஒரு கிழமைக்குள் பிள்ளைகளுக்கெல்லாம் அட்டை கிடைத்துவிட்டது. எனக்கும் என் கெட்டித்தனத்தில் நல்ல திருப்தி.

பிறகு ஒரு காலை, நூலகம் திறக்க முன்னர், என் மின்னஞ்சலுக்கு ஒரு தமிழ்க் கடிதம் வந்தது. "அன்பின் ஆரணி சாந்தினி, நீங்கள் பெற்றுக்கொண்ட கடலாமைகள் பற்றிய புத்தகத்தின் தவணை முடிந்துவிட்டது. தயவுசெய்து திருப்பித் தரவும்." நாங்கள் இங்கே 'புர்ரிங்' என்று சொல்லும் தாமத நினைவூட்டல்தான் அது. அந்த வசனங்களை எழுதிக் கொடுத்ததே நான். சாந்தினி என்பதும் நான். ஆனால் ஆரணி என்று எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. எனக்கு இருப்பது ஒரு மகன். அவனுடைய தமிழ் சாப்பாட்டு மேசையைத் தாண்டி வெளியில் போவதில்லை, அதை எழுத்தில் காட்டினால் கோயில் சுவர்க் கல்வெட்டைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். பக்கத்தில் நின்ற ஆஸ்திரிட் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். வாசித்து மொழிபெயர்த்தேன். இந்த ஊரில் ஒரு பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒருத்தியின் பெயர் வந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான், அது அவளுடைய பிள்ளை.

"உனக்கு மகள் இருப்பது எனக்குத் தெரியாது" என்றார் ஆஸ்திரிட்.

"எனக்கும் தெரியாது" என்றேன்.

பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆஸ்திரிட் என் தோளைத் தொட்டுவிட்டு மெல்ல அப்பால் போனார். அன்று முதல் நான் கேட்காமலே எனக்குக் கோப்பி வருகிறது. ஒரு கேள்வியும் வருவதில்லை. அது என் சொந்த விஷயம் அல்லவா.

இடைவேளையில் வதனிக்கு அழைப்பெடுத்தேன்.

"வதனி, ஆரணி ஆர்?"

"கோயிலடிப் பிள்ளை அக்கா. நாலாம் ஆண்டு படிக்குது. நல்லா வாசிக்கும்."

"அவளின்ரை பேருக்குப் பின்னாலை என்ரை பேர் என்னத்துக்கு நிக்குது?"

"பிள்ளையளுக்கு இடம் வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். உங்கடை இடத்திலை அவளை இருத்திவிட்டன்."

"அப்ப ஈமெயில்?"

"அது போடாமல் உவர் உள்ளை விடமாட்டார் அக்கா" என்றாள். உவர் என்பது மென்பொருள். "பிள்ளையளுக்கு ஈமெயில் எங்கை கிடக்கு? உங்கடையது கிடந்துது, அப்பிடியே விட்டிட்டன்."

"நான் நீக்கச் சொன்னனான் எல்லே?"

"உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பேரை வெட்டக்கூடாது அக்கா. நான் வெட்டமாட்டன்."

இப்படித்தான் வெளிநாட்டார் ஒவ்வொருவரின் மடியிலும் ஒரு பிள்ளையை இருத்தியிருந்தாள் வதனி. எந்த மென்பொருள் நிறுவனமும் இப்படி ஒரு வழியை யோசித்திருக்காது. கோபிக்கத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் குழுவில் இருந்த எல்லோருக்கும் கடிதங்கள் வரத் தொடங்கின. முதலில் குழம்பினார்கள், பிறகு பெருமைப்பட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் சிறி அண்ணை, எங்கள் ஊர் உதைபந்தாட்டக் குழுவின் பழைய கோல் காப்பாளர், "என்ரை ஆள் இந்த முறை விஞ்ஞானப் புத்தகம்" என்று எழுதினார். தவணை தப்பினால் பாரிஸில் இருந்தும் இலண்டனில் இருந்தும் ஊருக்கு அழைப்புப் போகும். எங்கள் நூலகத்தின் சரித்திரத்தில் புத்தகங்கள் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வந்ததே இல்லை. இது தவறு என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்கப் புத்தகங்களைக் கடதாசியில் சுற்றுகிறவள் நான். ஆனாலும் ஆரணி ஆமைகளை முடித்துவிட்டுத் திமிங்கிலங்களுக்குப் போனபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதனால் பேசாமல் இருந்தேன்.

மதுராவின் விஷயம் வந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. மதுரா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பெண். ஜேர்மன் மொழி படிக்கும் புத்தகம் ஒன்றை எடுத்திருக்கிறாள். அவள் இருந்தது சிறி அண்ணையின் இடத்தில். தவணை தப்பியதும் கடிதம் ரொறன்ரோவுக்குப் போயிற்று. சிறி அண்ணை அவளுடைய தகப்பனுக்கு அழைத்து, எனக்கு ஒரு சொல் சொல்லாமல் பிள்ளைக்கு ஜேர்மனியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டாய் என்று உரிமையோடு கோபித்திருக்கிறார். தகப்பன் மகளிடம் கத்த, அது பக்கத்து வீட்டுக்குக் கேட்க, பொழுதுபட முன்னர் மாப்பிள்ளைக்கு ஊரும் பெயரும் வேலையும் கிடைத்துவிட்டன. உண்மையில் அந்தப் பிள்ளைக்கு இருந்த எண்ணம் வேறு. கீரிமலைக்கு வரும் வெள்ளைக்காரருக்கு இடம் காட்டும் வேலை செய்து, ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது. வெளிநாட்டு மொழி ஒன்றை ஒருத்தி ஊரில் இருப்பதற்காகப் படிப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மதுரா புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிட்டு நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆஸ்திரிட் மூடிக் கட்டும் மீன் சூப்புப் புத்தகத்தின் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

பெயர்களை எடுத்துவிடப் போகிறேன் என்று குழுவில் எழுதினேன். சிறி அண்ணை உடனே அழைத்தார்.

"நான் இன்னும் சாகேல்லைப் பிள்ளை. என்னை ஏன் வெட்டுறாய்?"

"கடைசியா எப்ப அண்ணை அங்கை புத்தகம் எடுத்தனீங்கள்?"

"எடுத்தாத்தானோ? அந்தக் கட்டடத்துக்குச் சீமெந்து குழைச்சது ஆர்? நான்தான் குழைச்சனான்."

 மென்பொருளில் சீமெந்து குழைத்தவருக்கென்று ஒரு பெட்டி இல்லை.  பிறகு அவரே, "அந்தப் பிள்ளை திரும்ப வாறதெண்டால் வெட்டு" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

வதனி கை வைக்க மறுத்துவிட்டதால், ஒரு சனிக்கிழமை வீட்டுச் சமையலறையில் இருந்து நானே செய்தேன். மின்னஞ்சல் முகவரிகளை எடுத்துவிட்டு, வதனி மட்டும் பார்க்கும் ஒரு பொது முகவரியைப் போட்டேன். பிறகு பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் நின்ற எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவர்களின் தகப்பன்மாரின் பெயர்களைப் போட்டேன். எங்கள் ஊர்ப் பந்தடிக் குழு முழுவதும், என்னோடு படித்தவர்கள், எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் என்று எல்லோரும் போனார்கள். திரை ஒவ்வொரு முறையும் 'மாற்றத்தைச் சேமிக்கவா?' என்று கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் ஆம் என்றேன். என்னுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மின்னஞ்சலை எடுத்தேன். பெயரை எடுக்கப் போனால், புத்தகம் வெளியில் இருக்கும்வரை பெயரை மாற்ற முடியாது என்று திரை சொன்னது. மற்றவர்களின் புத்தகங்கள் எல்லாம் முன்னரே திரும்பி வந்திருந்தன.

வதனியை அழைத்தேன். மதுரா சற்று முன்னர்தான் வந்துவிட்டுப் போனதாக முதலில் சொன்னாள். இனிமேல் கடிதம் யாருக்குப் போகும் என்று கேட்டிருக்கிறாள் அந்தப் பிள்ளை. தனக்கு மட்டும்தான் என்று வதனி சொல்ல, "உங்களுக்குப் போனாலும் ஊருக்குப் போனமாதிரித்தானே அக்கா" என்று சொல்லிவிட்டு, ஜேர்மன் புத்தகத்தைக் கொண்டு போயிருக்கிறாள்.

"ஆரணியிட்டைப் புத்தகம் ஒண்டு கிடக்குதெல்லே" என்றேன்.

"ஓம் அக்கா, ஆமைப் புத்தகம் திரும்பவும் எடுத்தவள். இஞ்சைதான் நிக்கிறாள், குடுக்கிறன் கதையுங்கோ."

ஒரு சின்னக் குரல் வந்தது. "அன்ரி, இன்னும் முடியேல்லை. நான் ஆறுதலா வாசிக்கிறன்."

பிறகு வதனி வாங்கி, "அவசரமோ அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை, அவசரமில்லை" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு, அந்தப் புத்தகத்துக்குத் தவணையை நீட்டிக்கும் பொத்தானை அழுத்தினேன். சிறி அண்ணைக்கு இதைச் சொல்லவில்லை. இதை வாசிக்கும்போது, அவருடைய பெயர் போக என்னுடையது மட்டும் நிற்பதைத் தெரிந்துகொண்டு கத்துவார், கத்தட்டும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது ஆஸ்திரிட் கோப்பியோடு வந்தார். இவ்வளவு காலத்தில் முதல்முறையாக, குரலைத் தணித்து, "அவள் நலமாக இருக்கிறாளா?" என்று கேட்டார். மென்பொருள், இலவசப் பதிப்பு, வதனி, சிவப்புக் கோடு என்று எல்லாவற்றையும் விளக்குவதற்கு என்னிடம் போதுமான நோர்வேஜிய மொழி இருக்கிறது.

"நலம்" என்றேன். "ஆறுதலாக வாசிக்கிறாள்."

ஆஸ்திரிட் தலையாட்டிவிட்டுப் போனார். வாசலில் இருந்த இயந்திரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த என்னுடைய புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். திரையில் என் பெயர் வந்தது. அதன் கீழ், உங்களிடம் எந்தப் புத்தகமும் இல்லை, நன்றி என்று வந்தது. இங்கே எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது. அங்கே என் பெயரில் இன்னும் ஒரு புத்தகம் வெளியில் இருக்கிறது.