அரை டம்ளர் எக்ஸெப்ஷன்

என் மாமனாரின் பித்தளை டம்ளரில் பாதி உயரத்தில், எப்போதோ விழுந்து நசுங்கிய ஒரு சொட்டை உண்டு. காலையில் முதல் காப்பி அந்த டம்ளர் நிறைய. குடித்து முடித்ததும் டபராவில் கவிழ்த்து வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு காப்பிதான் என்பது அவரே போட்டுக்கொண்ட விதி. சற்று நேரத்தில் அதே டம்ளரை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு சமையலறை நிலைப்படிக்கு வருவார். சொட்டையில் விரலை வைத்து, "இது வரைக்கும் போதும்மா. இது எக்ஸெப்ஷன். இதைக் காட்டி நாளைக்குக் கேக்க மாட்டேன்" என்பார். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்த புதிதில் இதைக் கேட்டு, முதல் காப்பியை அளவு குறைத்துக் கொடுத்துவிட்டேனோ என்று நான் பதறிப்போனேன். அடுத்த நாளும் அதே நிலைப்படி, அதே விரல், அதே எக்ஸெப்ஷன். அதற்கடுத்த நாளும்தான்.

மாமா திருச்சியில் ஒரு பெரிய ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆபீசை விட்டு வந்தாரே தவிர அந்தச் சொல்லை விட்டு வரவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த எனக்கு, எக்ஸெப்ஷன் என்றால் விதிவிலக்கு என்று தெரியும். ஆனால் அது எப்படிப் புழங்கும் என்பது அந்த வீட்டில்தான் தெரிந்தது. எக்ஸெப்ஷனை மேலே இருப்பவர்தான் 'மேக்' பண்ண முடியும். கீழே இருப்பவர் வாய்விட்டுக் கேட்டால் அதன் பெயர் சலுகை, அதற்கு மதிப்பில்லை. 'வித்தவுட் எக்ஸெப்ஷன்' என்றால் யாருக்கும் தப்ப வழியில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அந்த வகை. அதே சொல்லுக்கு முன்னால் 'டேக்' வந்துவிட்டால் ஆட்சேபணை என்று பொருள். "ரசத்துல உப்பு தூக்கலா இருக்கு. ஐ டேக் எக்ஸெப்ஷன்" என்று இலையின் முன்னால் அறிவிப்பார். "மேக்கோ டேக்கோ, சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்பார் அத்தை. உப்பு போட்டவள் நான். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எனக்குப் பெண் குழந்தை பிறந்து, பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தபோதுதான் அந்தச் சொல்லின் முழு பலமும் தெரிந்தது. பெரியவர்கள் எதிரில் தகப்பன் தன் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பல வீடுகளில் அப்படித்தான். தாத்தா தூக்கலாம், பாட்டி தூக்கலாம், வாசலில் கீரை விற்க வருகிற அம்மாள்கூட ஒரு முறை கொஞ்சிவிட்டுப் போகலாம். பெற்றவர் மட்டும் கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, ஏதோ வேற்று ஊர்க் குழந்தையைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். என் பெண்ணோ கீழே விட்டால் வீறிட்டு அழுகிற ரகம். அடுப்பில் உலை கொதிக்கும், தோளில் இவள் கத்துவாள், நாலு எட்டில் என் கணவர் இரண்டு கையும் காலியாக உட்கார்ந்திருப்பார். "ஒரு நிமிஷம் பிடிங்க" என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். பெற்றவளுக்குப் பிள்ளை பாரமாகத் தோன்றலாமா, நான் நல்ல தாய்தானா என்று அடுத்த நொடியே சந்தேகம் வரும். வாயை மூடிக்கொள்வேன்.

ஆனாலும் மாமா சாயங்காலம் காவிரிப் பக்கம் நடக்கப் போனதும் இவர் ஓடி வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். மாமாவின் குடை தரையில் தட்டும் சத்தம் தெருமுனையில் கேட்டதும் என்னிடம் திணித்துவிட்டுப் பேப்பருக்குப் போய்விடுவார். ஒரு நாள் மாமா உள்ளே வந்தவர் மகனின் தோளையே பார்த்தார். நீலச் சட்டையில் வெள்ளையாகக் குழந்தையின் பவுடர்.

"என்னடா அது?"

"சுண்ணாம்புப்பா. சுவத்துல சாஞ்சேன்."

மாமா நேராகப் போய்ச் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்தார். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்த சுவரைத் தேய்த்தார். கூடத்தின் எல்லாச் சுவர்களையும் தேய்த்துவிட்டு உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். அத்தை சமையலறையிலிருந்து, "அந்தச் சுவராவது எக்ஸெப்ஷன் கேட்டுதுங்களா?" என்று குரல் கொடுத்தார். மாமா கை கழுவப் போய்விட்டார்.

அந்த ஆண்டு ஆடிப்பெருக்கன்று எல்லோருமாக அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். காவிரி மேல்படி வரை ஏறியிருந்தது. அவ்வளவு கூட்டத்தில், ஈரப் படியில், கைக்குழந்தையோடு இறங்குவதை நினைத்து முந்தின நாளெல்லாம் பயந்துகொண்டே இருந்தேன். வரவில்லை என்று சொல்லலாமா? முதல் குழந்தைக்கு முதல் பெருக்கு, எப்படிச் சொல்வது? ஒரு கையில் குழந்தை, மறு கையில் காப்பரிசியும் கருகமணியும் வைத்த தட்டு. எனக்கு முன்னால் மாமா ஒவ்வொரு படியாகக் குடையை ஊன்றிச் சோதித்து இறங்கினார். பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள். கால் வழுக்கியது. தட்டு போனது போனதுதான். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "ஐயோ, பிடிங்களேன்!" என்று கத்திவிட்டேன். யாரோ குழந்தையை வாங்கிக்கொண்டார்கள், அத்தை என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நிமிர்ந்து பார்த்தால், என் பெண் அவள் அப்பாவின் தோளில் இருந்தாள். அப்பனுக்கு அப்பன் எதிரிலேயே.

எனக்கு உயிர் போய் உயிர் வந்த கையோடு மறுபடியும் போனது. நானே வாய்விட்டுக் கேட்டுவிட்டேனே, அதுவும் ஊர் கேட்க! எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டர் பக்கத்துப் படியில் நின்றுகொண்டிருந்தார். மாமாவை வம்புக்கு இழுக்கச் சமயம் பார்த்திருப்பவர்.

"என்ன சார், பையன் புள்ளையத் தூக்கிட்டான்? இன்னிக்கு எக்ஸெப்ஷனுங்களா?"

மாமா படியேறி வந்தார். 'டேக்'தான் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குரல் தணிந்துதான் கேட்டது. "கழுத்துக்குக் கீழ கை குடுடா. தலை தொங்குது பாரு." மகனின் கையை எடுத்துத் தானே குழந்தையின் பிடரியில் வைத்தார். எப்போதும் கத்துகிறவள் அந்தக் கூட்ட இரைச்சலில் தூங்கியே போய்விட்டாள்.

அத்தை என் கால் மணலைத் தட்டிவிட்டபடி, "இவன் பொறந்தப்ப நீங்க ஒரு நாள் தொட்டுத் தூக்கினதில்லை. இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எங்கப்பா எதிர்ல நான் எப்படித் தூக்குவேன்? அவர் எக்ஸெப்ஷன் குடுக்கலை, நானும் கேக்கலை." மாமா தண்ணீரைப் பார்த்தார். "தூக்கத்தான் இல்லை. பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

அத்தை பதில் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மாமா குடையைத் தட்டிக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். "எக்ஸெப்ஷன் இல்லீங்க. எங்க வீட்டுல இனிமே இதுதான் ரூல்."

இப்போது இவருக்குப் பொன்மலைப் பக்கம் வேலை, அங்கேயே குடியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போகும்போது கைக்குழந்தையான இரண்டாவது பையன் இவர் தோளில் வருவான். மூத்தவள் முன்னால் ஓடுவாள். அவள் விழுந்துவிடுவாளோ, இவனுக்குக் காற்று படுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டு நான் பின்னால் போவேன். ஆனால் இரண்டு கையையும் வீசி நடப்பேன்.

போன ஞாயிறன்றும் மாமா சொட்டை டம்ளரோடு நிலைப்படிக்கு வந்தார். விரல் சரியாகச் சொட்டையில். "இது எக்ஸெப்ஷன்மா."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "தினமும் குடிக்கிறீங்களே மாமா. இதையும் ரூல் ஆக்கிடலாமே?"

சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மாமா உண்மையாகவே யோசித்தார்.

"வேணாம்மா" என்றார். "புள்ளையத் தூக்கறது ரூலா இருக்கட்டும். காப்பி, எக்ஸெப்ஷனா இருந்தாத்தான் ருசி."

சொட்டைக்கு மேலேயே ஊற்றினேன். அவர் ஆட்சேபிக்கவில்லை.