சலவை காணாத கரடி

ஞானபாய்க்கு ஒரே ஒரு தட்டுதான் கிடைத்தது. சோறு தின்கிற தட்டு அல்ல, படம் பிடிக்கிற கண்ணாடித் தட்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் மருந்து பூசியது. ஒரு தட்டுக்கு ஒரு படம். தப்பினால் தப்பினதுதான்.

"பத்து வருஷமாய் உனக்கு வாக்குக் கொடுத்து வருகிறேன் அல்லவா?" என்றாள் மிஷன் வெள்ளைக்காரி மிஸ் பெல்லாமி, பாடப் புத்தகத்தில் கற்ற தமிழில். "இதோ உன் பங்கு. எதை வேண்டுமானாலும் நீ எடுக்கலாம்."

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்தேழு, ஆடி மாசம். ஊரில், பாறசாலையில், மழை கொட்டிக்கொண்டிருக்கும். இங்கே, நார்வேயைத் தாண்டி வடக்கே வடக்கே போகிற ஒரு சின்னக் கப்பலின் முகப்பில், மிஸ்ஸின் பழைய கம்பளிக் கோட்டு கணுக்கால்வரை தொங்க, முந்தானையைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஞானபாய் நின்றாள். மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தாள். ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற தீவில் ஐந்து நாள் சுற்றிப் பார்க்கிற பயணம். விடுமுறையில் சீமைக்கு வந்த மிஸ், துணைக்கு ஞானபாயையும் கூட்டி வந்திருந்தாள்.

ஞானபாய் செங்கல் என்ற ஊர்ப் பக்கம் பிறந்தவள். அப்பன் மிஷன் கோயில் கட்டக் கல் சுமந்தவன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் கணவனைப் பேதி கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு மிஷன் வளவில் லேஸ் பின்னப் போனாள். அந்த வருஷம்தான் மிஸ்ஸுக்குக் கேமரா வந்தது. படம் கழுவுவதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஆள் மருந்து நாற்றம் பிடிக்காமல் மூன்றாம் நாளே போய்விட்டான். "நான் பாக்கட்டா மிஸ்?" என்றாள் ஞானபாய். அன்று முதல் நெல்லறையில் சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு எல்லாப் படங்களையும் கழுவியது அவள்தான். படம் பிடித்ததெல்லாம் மிஸ். ஒரு தடவையாவது கேமராவின் கண்ணைத் திறக்கிற அந்த ரப்பர் பந்தைத் தான் அமுக்கவேண்டும் என்பது ஞானபாயின் ஆசை. பத்து வருஷத்து ஆசை.

இப்போது தட்டு கையில் இருக்கிறது. எதை எடுப்பது?

முதல் நாள் பறவைகள். பாறை முழுக்கப் பறவைகள், கடுகு கொட்டினாற்போல. மிஸ் ஆறு தட்டுகளை அவற்றுக்கே செலவழித்தாள். ஞானபாய் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு மலையளவு பனிக்கட்டி, கடலுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதன் வெடிப்புகளில் நீலம்.

"நீலம் முக்கிக் காயப்போட்ட மாதிரி இருக்கு மிஸ்!"

"அப்படியானால் எடு."

"வேண்டாம். இது நாளைக்கும் இங்கதானே கெடக்கும்."

மூன்றாம் நாள் கடல்நாய்கள் வந்து மீசையைக் காட்டிவிட்டுப் போயின. அவற்றையும் விட்டாள். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. "நீ தட்டை ஊருக்கே திரும்பக் கொண்டுபோகப் போகிறாய்."

"கரடி வரட்டு மிஸ். வெள்ளைக் கரடி. அதுக்காக்கும் வச்சிருக்கேன்."

கப்பலில் கரடிக்காகக் காத்திருந்தவர் இன்னொருவரும் உண்டு. செம்பட்டை மீசை வைத்த ஒரு துரை. அவர் கையில் துப்பாக்கி. காலையும் மாலையும் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். கரடித் தோலைத் தன் வீட்டுக் கணப்புக்கு முன்னால் விரிக்கப்போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஞானபாய் கடலைக் கண்ணால் துழாவுவாள். இவருக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும்.

நாலாம் நாள் காலையில் மூட்டம் மூடிக்கொண்டது. மறுநாள் கப்பல் திரும்பிவிடும். ஞானபாய் காப்பி குடிக்கவில்லை. கேமராவை முக்காலியில் பூட்டி, மேலே துணியைப் போட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கு மூட்டம் கிழிந்தது. கொடிமரத்திலிருந்த கடலோடி ஒரே ஒரு சொல்லைக் கத்தினான். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் விரல் காட்டிய திசை தெரிந்தது.

ஒரு பனித்திட்டு மிதந்துகொண்டிருந்தது. அதன்மேல் மஞ்சளாக ஒரு மேடு. மேடு அசைந்தது.

"மிஸ்! மிஸ்! கரடி!"

"வெள்ளைக் கரடி," என்றாள் மிஸ் மூச்சு வாங்க.

"வெள்ளையா? சலவைக்கே போடாத வேட்டி மாதிரியில்லா இருக்கு!"

கப்பல் எஞ்சினை நிறுத்திவிட்டு மெல்ல மிதந்து நெருங்கிற்று. ஞானபாய் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரிந்தது. வானம் கீழே, பனி மேலே, பனியிலிருந்து வௌவால்போலத் தொங்குகிற கரடி. கண்ணாடியில் அது கட்டைவிரல் அளவு. துலக்கமாக வைத்தாள். துணியிலிருந்து வெளியே வந்து, தட்டைச் செருகி, மறைப்புத் தகட்டை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டு, ரப்பர் பந்தைக் கையில் பிடித்தாள்.

கரடி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. எதையோ தின்றுகொண்டிருந்தது.

"எடு," என்று மிஸ் கிசுகிசுத்தாள். "இப்போதே எடு."

"முதுகு மிஸ். முதுகைக் கொண்டு காட்டினா ஊர்ல பன்னின்னுதான் சொல்லுவினும்."

பின்னால் க்ளிக் என்று ஒரு சத்தம். துரை துப்பாக்கியில் தோட்டா ஏற்றிவிட்டார். கம்பியில் முழங்கையை ஊன்றி, ஒரு கண்ணை மூடினார்.

ஞானபாய்க்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. வயல் வரப்பில் நின்று ஆற்றுக்கு அக்கரையில் போகிற ஆளைக் கூப்பிடுகிற குரல் ஒன்று அவளிடம் உண்டு. அது தானாக வந்தது.

"எலே!"

கப்பலே திடுக்கிட்டது. கரடி திரும்பிற்று.

"எலே மக்கா! இங்க பாரு!"

கரடி எழுந்தது. இரண்டு காலில், ஆள் உயரத்துக்கும் மேலே, முன்னங்கால்கள் தொங்க, மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. இப்படித் தன்னைக் கூப்பிடுவது யார் என்று பார்ப்பதுபோல.

ஞானபாய் பந்தை அமுக்கினாள்.

துப்பாக்கி வெடித்தது. அதற்குள் கரடி தண்ணீருக்குள். குண்டு பனியில் ஒரு பிடி சுண்ணாம்புபோலத் தூளைக் கிளப்பியது, அவ்வளவுதான். தூரத்தில் ஒரு மூக்கு மட்டும் நீந்திப் போயிற்று. துரை இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். மிஸ் அதைத் தமிழில் சொல்லவில்லை. அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தன.

லண்டனுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்றாள் மிஸ். ஞானபாயால் முடியாது. "இப்பமே பாக்கணும் மிஸ். இல்லேன்னா எனக்கு நெஞ்சு பொட்டிப் போகும்."

ஊரில் இருட்டுக்குப் பஞ்சமில்லை. இங்கே பாதிராத்திரியிலும் வெயில். கப்பலின் குளியலறைக்குள் ஐந்து கம்பளிகளைத் தொங்கவிட்டு, துவாரங்களில் காலுறைகளைத் திணித்து இருட்டை உண்டாக்கினார்கள். சிவப்பு விளக்கோடு ஞானபாய் உள்ளே போனாள். கதவுக்கு வெளியே மிஸ் காவல் நின்றாள்.

நெல்லறையில் அவளுக்கு ஒரு முறை உண்டு. ஊர்ச் சூட்டில் மருந்து வேகமாக வேலை செய்யும். அதிக நேரம் விட்டால் தட்டின் மேல்பூச்சு கஞ்சியாடைபோல் வழுகி வந்துவிடும். அதனால் மருந்துக் கிண்ணத்தை ஈரமணலில் குளிரவைத்து, தட்டை உள்ளே விட்டு, பதினாறாம் வாய்ப்பாட்டை மூன்று தடவை சொல்லுவாள். இரண்டாவது தடவை படம் எட்டிப் பார்க்கும். மூன்றாவது முடிந்ததும் எடுத்து, படத்தை அப்படியே நிறுத்திவைக்கிற ஹைப்போ மருந்தில் போட்டுவிடுவாள். பத்து வருஷத்தில் அது பிசகியதில்லை.

இங்கேயும் சொன்னாள். ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரண்டு. ஒரு தடவை. இரண்டு தடவை. தட்டில் ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை முடிந்தது. தட்டு வெண்ணெய்போல் வெறுமையாக இருந்தது.

ஹைப்போவில் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது, பிறகு எதுவும் வராது. ஆனால் பழகிய கை தட்டைத் தூக்கி ஹைப்போவுக்கு மேலே கொண்டுபோய்விட்டது. அதிகம் விடாதே, வழுகிப்போகும் என்று கை சொல்லிற்று. மருந்து ஒரு சொட்டு மணிக்கட்டில் வழிந்தது. ஊசி குத்தினாற்போல் குளிர்.

"எம்மோ!" என்று தன்னையே வைதுகொண்டாள். "இந்தக் குளிரிலே எந்த மருந்துட்டி வேலை செய்யும்? நமக்கே கை வெறச்சு நிக்கு!"

தட்டை மறுபடியும் மருந்துக்குள் விட்டாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்து, கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சுற்றிக்கொண்டாள். கோழி முட்டைமேல் இருப்பதுபோல் இருந்தாள். பதினாறு இன்னொரு தடவை. பதினேழு. பதினெட்டு. கிண்ணத்தை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வெளியிலிருந்து மிஸ், "வந்ததா?"

"பேசாதீங்க மிஸ்! பத்தொன்பது!"

பத்தொன்பதாம் வாய்ப்பாடு அவளுக்குச் சரியாக வராது. ஏழு பத்தொன்பதில் சிக்கிக்கொண்டாள். நூற்று இருபத்து... நூற்று முப்பது... அப்போது தட்டின் ஓரத்தில் ஏதோ கறுத்தது. கண்ணாடித் தட்டில் எல்லாம் மறுதலையாக வரும். வெளுப்பு கறுப்பாகும். பனிதான் முதலில் கறுத்தது. வானம் கறுத்தது. திட்டு முழுக்கக் கறுத்தது. நடுவில் மட்டும் சரியாகக் கறுக்காமல் ஒன்று நின்றது. இரண்டு காலில் நின்றது.

"மிஸ்!" என்று அவள் கூவியதில் விளக்கு அணையப் பார்த்தது. "நிக்குது மிஸ்! என்னையே பாத்துக்கிட்டு நிக்குது!"

நார்வேத் துறைமுகத்தில் இறங்கியதும் அக்காளுக்கு ஒரு கடிதம் போட்டாள். கடிதம் அல்லவா, புத்தகத் தமிழில் எழுதினாள். "ஐந்து நாள் பனியிலே இருந்தேன். மிஸ்ஸம்மாளுக்கும் எனக்கும் ஒரே பனி. அந்தப் பனியிலே ஒரு பெரிய வெள்ளைக் கரடியைக் கண்டேன். சந்தோஷமாயிருக்கிறேன்."

கார்த்திகையில் ஊருக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் கால் வைக்குமுன் அக்காள் சுகிர்தபாய் ஓடிவந்து நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"பனி விட்டுதா மக்கா?"

"எந்தப் பனி?"

"எந்தப் பனியா? நீதானே எழுதினே, அஞ்சு நாளு பனியிலே கெடந்தேன்னு!"

பாறசாலையில் பனி என்றால் காய்ச்சல். மலையாளமும் அதைத்தான் சொல்கிறது. உபதேசியார் சத்தியராஜ் அந்தக் கடிதத்தைக் கோயிலில் உரக்க வாசித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை ஞானபாயின் காய்ச்சலுக்காக ஜெபம் பண்ணியிருந்தார். அடுப்பில் சுக்குக் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், ஞானபாய் அட்டையில் ஒட்டிய படத்தை வெளியே எடுத்தாள். கூட்டம் சுற்றிக்கொண்டது.

"வெள்ளைக் கரடி எங்கே?" என்றார் உபதேசியார்.

"இன்னா நிக்குதே."

"இது கறுப்பாட்டு இல்லியா இருக்கு?"

"மஞ்சள் நெறம் படத்திலே அப்படித்தான் மங்கும் ஐயா. சுத்திலும் பாருங்க, பனி எவ்வளவு வெளுப்பு!"

"பனி," என்று உபதேசியார் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "பனி தலைக்கு ஏறினா கரடியும் தெரியும், ஆனையும் தெரியும். எனக்கு ஒருக்கா சொவரு நடந்து வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். "நம்ம மலையிலே கெடக்க கரடியாக்கும் இது," என்றாள் ஒருத்தி. "இதுக்கு எதுக்கு மக்கா கப்பலு?"

ஞானபாயின் முகம் சிவந்தது. பத்து வருஷம், ஒரு தட்டு, பத்தொன்பதாம் வாய்ப்பாடு. படத்தை முந்தானைக்குள் மறைக்கப்போனாள்.

"ஒந்நு காணட்டே," என்று மலையாளத்தில் பார்க்கக் கேட்டது ஒரு குரல்.

கோயில் கூரைக்கு மரத்தடி கொண்டுவந்த வண்டிக்காரர் கிருஷ்ணன்குட்டி. கள்ளிக்காடு என்ற ஊருக்கு மேலே உள்ள மலைக்காடுகளில் தடி இழுக்கிறவர். இடது காது பாதிதான் உண்டு. மற்ற பாதியைக் கரடி கொண்டுபோயிருந்தது. படத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். நகத்தால் கரடியின் கழுத்தை அளந்தார். பாதத்தை அளந்தார்.

"இது நம்முடெ கரடி அல்ல," என்றார்.

சிரிப்பு நின்றது.

"நம்ம கரடிக்குக் கழுத்தே கெடையாது. இது பாரு, எத்தற நீளம்! மாரிலே வெள்ளை வளையமும் இல்லை. பாதம் ஓரோண்ணும் மொறம் மாதிரி." அரைக் காதைத் தடவிக்கொண்டார். "எத்தற தூரத்திலே நிந்நே?"

"நாப்பது முழம் இருக்கும்."

கிருஷ்ணன்குட்டி படத்தோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "அது சும்மா எழுந்து நிக்காது. என்ன செய்தே?"

"கூப்பிட்டேன்."

"கரடியையா? எப்படிக் கூப்பிட்டே?"

ஞானபாய் கூட்டத்தைப் பார்த்தாள். உபதேசியாரைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகினாள்.

"எலே!"

வேப்பமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்த வண்டிமாடுகள் இரண்டும் சட்டென்று தலையைத் திருப்பி அவளைப் பார்த்தன.