நாலு பேருக்கான அறை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் வேறு வேலை பார்க்கிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ சொல்லி நான் கேட்டதில்லை. என் வீட்டில், என் கண் முன்னால், 2004 புரட்டாசியில் நடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் ஆமத்தூருக்கு வாருங்கள். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் எங்கள் பரணில்தான் கிடக்கிறது.

என் பெயர் ரோஜா. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நானும் தங்கச்சி மாரிசெல்வியும் மட்டும்தான். நான் சிவகாசி அச்சாபீசுகளுக்கு வீட்டிலிருந்தே பட்டாசு லேபிள் டிசைன் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்தால் நகக்கண்ணெல்லாம் வெள்ளியாக மின்னும். அலுமினியப் பவுடர். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

அவளை அந்த மருந்திலிருந்து வெளியே கொண்டுவர ஒரு வழி பிறந்தது. அச்சாபீஸ் முதலாளி கனகசபாபதி ஒருநாள் கூப்பிட்டு, "திங்கக்கெழமைக்குள்ள பன்னெண்டு லேபிளையும் முடிச்சுக் குடும்மா. வருசம் பூராவும் வேலை தாரேன். ஒந் தங்கச்சியையும் கூட ஒக்கார வச்சுக்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் என் கம்ப்யூட்டர்! அதை ஆமை என்றால் ஆமை கோபித்துக்கொள்ளும். ஏதோ ஒரு அச்சாபீஸ் கழித்துக் கட்டியதை வாங்கியது. சுவிட்சைப் போட்டுவிட்டு உலை வைத்து, சோறு வடித்துவிட்டு வந்தால்தான் திரையில் படம் வரும். லேபிளில் ஒரு பூவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்துவதற்குள் கொட்டாவி வந்துவிடும். எனக்கோ பொறுமை எள்ளளவும் கிடையாது. வேண்டாத ஃபைல்களை அழித்தேன். தானாக ஓடுகிற புரோகிராம்களை நிறுத்தினேன். மூடியைக் கழற்றி ஃபேனில் அப்பியிருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினேன். ஒரு பிரயோசனமும் இல்லை.

வியாழக்கிழமை விருதுநகருக்கு பஸ் ஏறினேன். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற லட்சுமிகாந்தம், விவரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ராம் பத்தலம்மா. ராமுங்கிறது ஒரு ரூமு மாதிரி. நாலு பேரு ஒக்கார்ற ரூமுல பத்துப் பேரத் திணிச்சா வேலை எப்பிடி ஓடும்? ரூமப் பெருசாக்கணும்."

ஒரு பெட்டியைக் கிளறி, சாண் நீளத்துக்கும் குறைவான ஒரு பச்சைப் பட்டையை எடுத்துக் கொடுத்தார். "பழசுதான். ஆனா நல்லா ஓடும். ஒண்ணு, நம்ம கையில இருக்கிற கரண்டு பட்டாப் போச்சு. மொதல்ல கேபினெட்டு இரும்பத் தொட்டுட்டு, அப்புறமா இதத் தொடுங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் மாரிசெல்விக்கு ஒரே சிரிப்பு.

"எங்க கம்பெனியிலயும் இதேதான்க்கா! ரூமுக்குள்ள நொழையிறதுக்கு முன்னாடி வாசல்ல இருக்கிற செம்புத் தகட்ட உள்ளங்கையால தொட்டுட்டுத்தான் போகணும். ஒடம்புல இருக்கிற கரண்டு மண்ணுக்குப் போயிரும். இல்லைன்னா மருந்துல பொறி தட்டிரும்."

"ஒரு ரூமுல எத்தன பேரு?"

"சட்டப்படி நாலு. சீசன்ல அஞ்சு. நாந்தான் அந்த அஞ்சாவது. ஆபீசரு வந்தா பின்பக்கமாக் கருவேலங்காட்டுக்குள்ள ஓடிருவேன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராமின் முனையில் ஏதோ மினுங்கியது. ரப்பரால் தேய்த்தேன். ரப்பரில் வெள்ளி ஒட்டியது. இவள் கை பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். அவள் அதைத் தொடவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். பறந்தது! உட்கார்ந்த இடத்தில் நாலு லேபிளை முடித்துவிட்டேன். இந்த வாரத்தோடு மருந்துக்குத் தலைமுழுகு என்று தங்கச்சியிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை. சாயங்காலம் 6.10. தங்கச்சி இன்னும் வரவில்லை.

டப்.

கேபினெட்டின் பக்கத்தில் யாரோ உள்ளங்கையை வைத்த மாதிரி ஒரு சத்தம். சூட்டில் தகடு விரிகிறது என்று நினைத்தேன்.

டப். டப். டப்.

நாலு. அதோடு கம்ப்யூட்டர் பழைய ஆமையாகிவிட்டது. மவுஸை இழுத்தால் அம்பு வர மறுத்தது. இன்னொரு கை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. ஓடிக்கொண்டிருந்தது என் லேபிள் ஒன்றுதான். ஆனாலும் இடம் போதவில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

வெடிமருந்து வாசம் அடித்தது. எங்கள் ஊரில் அது காற்றோடு வருகிற சங்கதிதான். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது...

சனிக்கிழமையும் அதே 6.10. அதே நாலு சத்தம். வாய்க்கு வந்தபடி திட்டி, அணைத்துப் போட்டேன். மறுபடி போட்டபோது ஒழுங்காக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு லேபிள்தான் பாக்கி. வெளியே தூறல். மாரிசெல்வி அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குக் கரண்டு போய்விட்டது. திரை இருண்டது. ஃபேன் நின்றது. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தேன்.

கரண்டு போனால் ராமில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும். அதற்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. கம்ப்யூட்டர் படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

டப்.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன்.

டப்... டப்...

அடுப்படியில் தோசைக்கல் 'சுர்ர்' என்றது. அவள் அங்கேதான் இருக்கிறாள்.

டப்.

நாலு. முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

...டப்.

மெதுவாக. தயங்கித் தயங்கி.

ஐந்து.

மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுபோனேன். தகட்டில் வெள்ளியாக ஐந்து கைகள் பதிந்திருந்தன. நாலு பெரியது. ஓரத்தில், சின்னதாக ஒன்று.

என் குரல் கேட்டு மாரிசெல்வி ஓடி வந்தாள். பார்த்தாள். நான் தடுப்பதற்குள் அந்தச் சின்னக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

கச்சிதமாகப் பொருந்தியது.

"அக்கா... சூடா இருக்குக்கா."

அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நாளைக்கு நீ வேலைக்குப் போகக் கூடாது."

"நாளைக்கு லோடு ஏத்தணும்க்கா. நான் போகலைன்னா எம் எடத்துல யாரு ஒக்காருவா?"

"யாரும் ஒக்கார வேணாம்!"

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். விடிய விடியத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி வேன் வந்தது. வாசலில் நின்று, "இன்னைக்கு யாரும் போகாதீக" என்று கெஞ்சினேன். அடுத்த அறையில் வேலை பார்க்கிற கருப்பம்மாள் அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "ஏன் புள்ள, ஒங் கம்ப்யூட்டரு சொல்லுச்சாக்கும்?" என்றார். வேனே சிரித்தது. போய்விட்டது.

10.40. ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது.

முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்த மாரிசெல்வியின் கையிலிருந்து வாளி விழுந்தது. மேற்கே புகை எழுந்தது. அவளுடைய அறைதான். உள்ளே இருந்து நாலு பேரை எடுத்தார்கள். நாலு பேரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். தங்கச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் பிழைத்ததற்கு அழுதேனா, அவர்கள் போனதற்கு அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ராமைக் கழற்றி எடுத்துக்கொண்டு லட்சுமிகாந்தம் முன்னால் வைத்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"தாயில்பட்டிப் பக்கம், மூடிப்போன பட்டாசுக் கம்பெனி ஒண்ணு. ஆபீஸ் கம்ப்யூட்டர எடைக்கு எடுத்தேன். அங்கன ஒரு விபத்து நடந்துச்சும்மா. லோடு அவசரம்னு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வேலை பாத்திருக்காக."

"எத்தன பேரு?"

"பேப்பர்ல நாலுன்னு போட்டாக." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அஞ்சுன்னு ஊருக்குள்ள பேச்சு. ரூமுக்கு நாலு பேருதான இருக்கணும்? அஞ்சாவதா ஒரு பொம்பளப் புள்ள... அதக் கணக்குலயே சேக்கலையாம்."

ராமை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தொடக்கூட இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

கருப்பம்மாள் அக்காவுக்கு நல்ல தீக்காயம். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கார்த்திகையில்தான் வீட்டுக்கு வந்தார். பார்க்கப் போனோம். நான் முன்னால் போனேன். மாரிசெல்வி பழப் பையோடு பின்னால் வந்தாள்.

அவளைப் பார்த்ததும் அக்கா கட்டிலில் பின்னுக்கு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"நீ... நீ எப்பிடி...?"

"நான் அன்னைக்கு வரவே இல்லையேக்கா. வீட்லதான இருந்தேன்."



"பொய் சொல்லாத புள்ள. வேன்ல நீ வரல. பெறகு நடந்து வந்த. நான் கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. நாலு பேரும் உள்ள இருந்தாக. நீதான் கடைசியாத் தகட்டத் தொட்டுட்டு..."

மூச்சு வாங்கியது அவருக்கு.

"...ஒன் எடத்துல போயி ஒக்காந்த."