வாசல் நாற்காலியில் மிட்டூவை அமர்த்தியவர்

அலுவலகம் செல்வதற்காகக் காளிகாட் மெட்ரோ நிலையத்தில் படியிறங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் மிட்டூவின் குரல். "ரெஜினாதி ஆர் நேய்" என்றாள். ரெஜினா தீதி, அதாவது எங்கள் ரெஜினா அக்கா, இனி இல்லை. காலையில் தேநீர் கேட்டிருக்கிறார். மருமகள் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். படியேறி வெளியே வந்து, ஆட்டோ பிடித்து பெஹாலாவுக்குத் திரும்பினேன்.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். கணவர் செல்வின் அண்ணனுக்கு இங்கே ரயில்வேயில் வேலை. சீனப் பெண்மணி ஒருவர் நடத்திய பார்லரில் முடி வெட்டக் கற்றுக்கொண்டு, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியாக ஒரு பார்லர் திறந்தார். குரல் பெரிது, கோபமும் உண்டு. இத்தனை ஆண்டுகள் பேசியும் அவருடைய வங்காளம் இலக்கணத்துக்குக் கட்டுப்படவில்லை. ஆலயத்தில் பாட்டு ஒரு சுருதியில் போனால் அவர் வேறொன்றில் போவார், அதுவும் உரக்க.

சபைப் பெண்கள் கூட்டத்தில் அவருடைய தொழில் சிலருக்கு உறுத்தியது. மூத்தவரான கிரேஸ் அம்மாள் ஒருநாள் எல்லார் முன்னும் கேட்டார்: "விசுவாசிப் பிள்ளை புருவம் திருத்திப் பிழைக்கலாமா? நமக்கு உள்ளான அழகு போதாதா?"

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அந்த அழகு செய்ய எனக்குக் கைவராதும்மா. அத ஆண்டவர் பாத்துக்கிடுவாரு. எனக்குத் தெரிஞ்சது முடி வெட்டுததுதான்" என்றார்.

மிட்டூ எதிர்வீட்டுப் பெண். மணமான புதிதில் ஸ்டவ் வெடித்து, இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை வெந்துபோனது. புகுந்த வீட்டார் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அதன்பின் அவள் தெருவுக்கு வரவில்லை. கழுத்துத் தோல் இழுத்துப் பிடித்ததால் தலையைப் பின்னால் சாய்த்துக் குளிக்க முடியாது. அவள் தாயார் கிடைத்த கத்தரியால் முடியை வெட்டிவிட்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட அக்கா ஷாம்பூவும் துண்டுமாகப் போய் நின்றார். அவளை முன்பக்கம் குனியவைத்து, வாளியின் மேல் தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுவிவிட்டார். வாரந்தோறும் போனார். முடி வளர்ந்ததும், "எனக்கு ஆள் பத்தல. கடைக்கு வா" என்று கூப்பிட்டார்.

உள்ளறையில் உட்காருகிறேன் என்றாள் மிட்டூ. அக்கா அவளை வாசலை ஒட்டிய நாற்காலியில் அமர்த்தினார். வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். "என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இந்த முகத்திலா விழித்துவிட்டுப் போவது? அவளை உள்ளே உட்காரவை" என்றார் ஒரு பெண்மணி. "உள்ளே ஒளிய அவள் தப்பு ஒன்றும் செய்யவில்லையே" என்று தம் வங்காளத்தில் சொன்னார் அக்கா. அன்று இலக்கணப் பிழை யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் குறைந்தது. சில பிற்பகல்கள் முழுக்க நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. செல்வின் அண்ணன் கவலைப்பட்டு, "கொஞ்ச நாளைக்கு மட்டும் உள்ள இருக்கட்டுமே" என்றபோது நான் அங்கேதான் இருந்தேன்.

"கட போனா வேற கட வச்சுக்கிடலாம். அந்தப் பிள்ள இன்னொரு தடவ வீட்டுக்குள்ள போச்சுன்னா வெளிய வராது."



வேலையில்லாத அந்த நாட்களில் மிட்டூ சந்தனத்தைக் குழைத்து அக்காவின் புறங்கையில் கோலம் போடுவாள். வங்காளி மணப்பெண்ணின் நெற்றியில் புருவத்தை ஒட்டி வரைவார்களே, அந்த நுணுக்கமான புள்ளிகளும் கொடிகளும். அதைப் பார்த்த கல்லூரிப் பெண் ஒருத்தி தன் அக்காளின் கல்யாணத்துக்கு வரச்சொன்னாள். போகமாட்டேன் என்று அழுதவளை ரெஜினா அக்காதான் ஆட்டோவில் ஏற்றி டாலிகஞ்சுக்குக் கூட்டிப்போனார். திரும்பிவந்து மாடிப்படியிலேயே நின்று என்னிடம் சொன்னார்: "முகத்துக்கு முகம் உக்காந்துல்லா வரையணும்! பொண்ணு கண்ண மூடியே இருந்தா. எனக்குப் பயம். முடிஞ்சதும் கண்ணாடி நீட்டுனோம். அவ கண்ணாடியப் பாக்கல பிள்ள. மொதல்ல மிட்டூவப் பாத்து, 'நன்றி தீதி'ன்னா."

பிறகு முகூர்த்த மாதங்களில் மிட்டூவைப் பிடிப்பதே கடினமாயிற்று. மகளைப் பெண் பார்க்க வந்த கதை சொன்ன பெண்மணியும் வந்து வரிசையில் உட்கார்ந்தார்.

கிரேஸ் அம்மாளுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்து கை தூக்க முடியாமல் போனபோது, சனிக்கிழமைதோறும் போய்த் தலைவாரிவிட்டவர் ரெஜினா அக்கா. ஒருநாள் அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இந்தப் புருவத்தையும் கொஞ்சம் பாரேன்" என்றாராம். இதை அக்கா என்னிடம் மட்டும்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாளும் இப்போது இல்லை, இருவரும் மன்னிப்பார்கள்.

அடக்க ஆராதனையன்று ஆலயத்தின் பின்வரிசைகள் முழுக்க வங்காளிப் பெண்கள். கையில் ரஜனிகந்தாக் கொத்துகள், நம்மூர்ச் சம்பங்கி. எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று எங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். பாடல்கள் எல்லாம் சுருதி பிசகாமல் சென்றன. அது எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

கல்லறையில் குடும்பத்தார் மண் போட்டு முடித்ததும், அக்காவின் மகன் மிட்டூவை முன்னால் அழைத்தார். லேசான தூறல். அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை மெல்ல உதிர்த்தாள். அக்காவிடம் கற்ற அரைகுறைத் தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"போய்ட்டு வாங்க, தீதி."

நாங்களும் அதையே சொன்னோம்.