தண்ணீர் ஊற்றப் பழகிய கை

என் கையெழுத்து நண்டு ஓடிய மணல் போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே மகள். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்தோடு வீட்டை அவளுக்குக் கொடுத்தோம். மருமகன் இங்கேயே குடிவந்தார். தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிறவர். மருமகன் இருக்கும் முன் மண்டபத்தில் மாமனார் காலை நீட்டிக்கொண்டு இருப்பது மரியாதையில்லை. அதனால் பின்பக்கம், சமைக்கிற குசினி வாசலால் வந்து போகத் தொடங்கினேன். மண்டபத்தில் நான் சாய்ந்திருக்கும் கதிரை இருந்த இடத்தில் ஒரு மேசை வந்தது. மேசைமேல் ஓர் இயந்திரக் கை.

ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்ற அதை மருமகனும் மகளும் பழக்கினார்கள். தேத்தண்ணி ஆற்றும் என் தொழிலை. பின்னேரம் முழுக்க மகள் அதன் பக்கத்தில்தான். அது மேசையை நனைத்தால் சிரித்துக்கொண்டே துடைப்பாள். "பரவால்ல, இன்னொருக்கா ஊத்து" என்று அதோடு கதைப்பாள். நான் குசினிக் கதவோரம் நின்று பார்ப்பேன்.

மனைவி கண்டுவிட்டாள். "மருமகனோட பொறாமைப்பட்டாலும் ஒரு கணக்கு. இரும்போட போய்ப் பொறாமைப்படுறீங்களே."

"ஆரு பொறாமைப்பட்ட? தண்ணி வீணாப் போகுது எண்டு பாக்கன்."

ஒரு நாள் மருமகன் குசினிக்குள் வந்து, நான் அப்படி நிற்பதைக் கண்டுவிட்டார். வெட்கத்தை மறைக்க, "அது எப்பிடி மகன் பழகுது?" என்று கேட்டேன்.

"அசைய முதல் தனக்குள்ள நெனச்சுப் பாக்கும் மாமா. இப்பிடிச் சரிச்சா தண்ணி எங்க விழும், அப்பிடிச் சரிச்சா எங்க விழும் எண்டு. அதில நல்லதத் தெரிஞ்செடுத்துச் செய்யும். நெனச்ச மாதிரி நடக்காட்டி, அடுத்த முறை நெனைக்கிறதத் திருத்தும்."

"கொட்டும் எண்டு நெனச்சா ஊத்தாம இரிந்திருமா?"

"வேற விதமா ஊத்தும். ஊத்தினாத்தானே நெனச்சது சரியா பிழையா எண்டு தெரியும்."

இதைக் கேட்ட பிறகு பொறாமை கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்குள்ளேயே நடத்திப் பார்ப்பது நானும் செய்கிற வேலைதான். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்து என் கடை மர வாங்கில் குந்தித் தேத்தண்ணி குடித்த பிள்ளை அவள். கல்யாணம் முடிந்ததிலிருந்து அவளை ஒருமுறை கடைக்குக் கூப்பிட நினைக்கிறேன். "நேரமில்ல வாப்பா" என்பாள் என்று நினைப்பேன். அவள் முகம் சுருங்குவதுகூடத் தெரியும். அதோடு வாயை மூடிக்கொள்வேன். நினைத்தது பிழையென்று எனக்கு எப்படித் தெரிய வரும்? அந்தக் கை கொட்டிக் கொட்டிப் படிக்கிறது, என் மகள் துணியோடு பக்கத்தில் நிற்கிறாள்.

அடுத்த நாள் முன்வாசலால் மண்டபத்துக்குள் போனேன். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"மகள், பின்னேரம் கடைக்கு வாவன். தேத்தண்ணி குடிக்க."

"இவ்வளவு நாளும் கூப்பிடல்லையே வாப்பா. கல்யாணம் முடிச்ச புள்ள கடையில வந்து இரிக்கிறது ஒங்களுக்கு விருப்பமில்ல எண்டெல்லோ நெனச்ச."

வந்தாள். மருமகனையும் கூட்டி வந்தாள். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பழைய வாங்கில் இருவரும் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். அவள் என்னைப் பார்க்க வேண்டும் என்று வழமையைவிட உயர்த்தி ஆற்றினேன். பாதி மேசையில் கொட்டியது.

மகள் எழும்பி வந்து துணியை எடுத்தாள். "பரவால்ல வாப்பா, இன்னொருக்கா ஊத்துங்க."

எழுதுவோம், எழுதுவோம் என்று நினைத்துக்கொண்டே இருந்து, கடைசியில் எழுதியது: ஷஃபான் மாதம் பிறை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை.