வெள்ளைக் கிளையின் விதைகள்

பதுருன்னிசாவின் மொட்டைமாடியில் இருந்த அந்திமந்தாரையைப் பார்த்துக் கல்மண்டபம் பகுதியில் வயிறெரிந்தவள் ஒருத்திதான். அவள் அடுத்த வீட்டுச் செங்கொடி.

வியாசர்பாடியில் பிறந்தவள். புருஷன் போன பிறகு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் துப்புரவு வேலை பார்த்து, ஒரே மகள் அம்முவைக் கல்லூரி வரை கொண்டுவந்தவள். யாரிடமும் கை நீட்டாதவள் என்று தெருவில் சொல்வார்கள். உண்மைதான். பொறாமைக்காரி என்பதும் உண்மைதான். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், அவள் வாய்க்குப் பயந்து.

செங்கொடியின் மாடியிலும் அந்திமந்தாரை உண்டு. மீன் ஏலத்தில் தூக்கிப் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, மார்பளவு வளர்த்திருந்தாள். பச்சைப் பசேலென்ற இலை, மாலையானால் ரோஸ் நிறத்தில் பூ. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? முழங்கால் உயரச் சுவருக்கு அந்தப் பக்கம் பதுருன்னிசாவின் செடியில் பச்சையும் வெள்ளையும் அள்ளித் தெளித்த இலைகள். அதில் ஒரு கிளை முழுக்கப் பால் வெள்ளை. வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் செல்போனில் படம் எடுத்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். தாவரவியல் மூன்றாம் வருஷம் படிக்கும் அம்மு, நாலு மணிக்குக் கல்லூரியிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் நேரே அந்த மாடிக்குப் போக ஆரம்பித்ததுதான் பொறுக்கவில்லை. செங்கொடி வேலை முடிந்து ஆறு மணிக்கு வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். மேலேயிருந்து மகளின் சிரிப்பு மட்டும் கேட்கும். பிள்ளைகுட்டி இல்லாத தையல்காரி பதுருன்னிசாவை அம்மு 'பெரிம்மா' என்று கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் செங்கொடிக்குச் சுருக்கென்றது.

"அப்படி இன்னாடி கீது அங்க?"

"காலேஜ் வேலை கீதும்மா."

"நம்ம மாடில செடியே இல்லியா?"

அம்மு சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்தச் சிரிப்பும் செங்கொடிக்கு ஆகவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள் சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்த வெள்ளைக் கிளையில் காய்க் காம்புகளிலெல்லாம் சிவப்பு நூல் கட்டியிருந்தது. பார்த்தவுடன் புரிந்துவிட்டது, திருஷ்டிக் கயிறு! கண்ணு படாமலிருக்கக் கட்டியிருக்கிறாள். யார் கண்ணு? பக்கத்து மாடியில் இருப்பது நான் ஒருத்திதானே! செங்கொடிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

அடுத்த வார லீவு நாளில், பதுருன்னிசா மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் சுவரைத் தாண்டினாள். நூல் கட்டிய காம்புகளில் மிளகு போல் கறுத்திருந்த விதைகளை ஒன்றுவிடாமல் உருவினாள். பதினாலு. நூல்களையும் அவிழ்த்துத் தெருவில் எறிந்தாள். இருக்கிற கிளைகளில் எது அழகோ அதன் விதையே நம்மிடம் வந்துவிட்டது, இனி அம்மு எந்த மாடிக்குப் போவாள் பார்க்கலாம் என்று நினைத்தபோது, பல மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தண்ணீர்த் தொட்டி மறைவில் பெட்டி வைத்து விதைத்தாள். பதினொன்று முளைத்தன. தண்டு வெள்ளை, இலை வெள்ளை, பச்சை மருந்துக்குக்கூட இல்லை. முளைத்த ஐந்தாம் நாள் மகளின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள்.

"தோ பார்! உன் பெரிம்மா கைல இந்த மாதிரி கீதா?"

அம்மு குனிந்து பார்த்தாள். நிமிரும்போது முகம் வெளுத்திருந்தது.

"நூல் கட்டினதெல்லாம் நீதான் பறிச்சியா?"

"திருஷ்டிக்கின்னு அவ கட்னா, நா..."

"நான் கட்டினதும்மா! என் ப்ராஜக்ட். அந்த வெள்ளைக் கிளைப் பூ ஒவ்வொண்ணுலயும் மகரந்தம் தடவி அடையாளம் வெச்சேன். யாரு செடி மகரந்தம் தெரியுமா? உன்னுது. தினமும் மொதல்ல நம்ம மாடிக்குத்தான் வந்து உன் செடில பூ எடுத்துகினு போவேன்."

"அப்போ நம்ம செடி பச்சை இதுக்கு வந்திருக்கணுமே" என்றாள் செங்கொடி மெல்ல.

"வராதும்மா. இலைக்குப் பச்சை குடுக்குற பசுங்கணிகம் இந்தச் செடிக்குத் தாய்க் கிளைலேந்துதான் வரும், மகரந்தத்துல வராது. அந்தக் கிளைல அது பழுது. அத்த காட்டத்தான் இவ்ளோ பாடுபட்டேன். இதுங்களுக்குச் சோறு ஆக்கத் தெரியாது. விதைல இருக்கறது தீந்ததும் செத்துடும்."

படம் எடுத்து, பதினாலில் பதினொன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டு, அம்மு தாயின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "தான்தான் விதையப் பெருக்கித் தள்ளிட்டோம்னு பெரிம்மா ரெண்டு வாரமா அழுதுகினு கீறாங்க. நீ போயி சொல்லு."

செங்கொடி போனாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பதுருன்னிசாவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

பதுருன்னிசா மெஷினை நிறுத்தினாள். "செடி வேணும்னா கேட்டிருக்கலாமே செங்கொடி. ஒரு கிளை வெட்டிக் குடுத்திருப்பனே."

"செடி யாருக்கு வோணும்க்கா? அம்மு இங்கியே கெடக்குது. என் வயிறு எரியுது. என் பொண்ண எனக்கு வுட்டுடு."

பதுருன்னிசா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"அது நாலு மணிக்கு இங்க வருது. உன் செருப்புச் சத்தம் கேட்டதும் இருக்கறத அப்டியே போட்டுட்டு ஓடிடுது. அதுக்கப்புறம் நான் யாரு மூஞ்சியடி பார்க்கறது?"

செங்கொடி வெட்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.