இன்னாசிமேரிக்கு ஒரு நாள் ஆறாம் நம்பர்

சிதம்பரத்திலிருந்து வந்தால், சாமியார்பேட்டைக்குச் சற்று முன்னால் சவுக்குத் தோப்புக்குள் ஒரு ரிசார்ட் இருக்கிறது. பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு அறை, ஒரு சமையல்கட்டு, உப்புக் காற்றில் பாதி எழுத்து உதிர்ந்த ஒரு போர்டு. அவ்வளவுதான். அங்கே அறை துடைத்து, படுக்கை விரித்து வைக்கிறவள் இன்னாசிமேரி.

அவள் பிறந்தது காடாம்புலியூர்ப் பக்கம், முந்திரிக்காட்டில். கடலூர் மீனவன் செபாஸ்டினுக்கு வாக்கப்பட்ட பிறகுதான் கடலைக் கண்ணால் கண்டாள். கல்யாணமான புதிதில் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுத்தான். தின்று முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. "இன்னொரு நாளு வந்து ஒக்காரலாம் வா" என்றான். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பிள்ளைகள் வந்தார்கள், புயல் வந்தது, கடன்காரன் வந்தான். கடைசியில் செபாஸ்டின் பஹ்ரைனுக்குப் படகு வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

ஆறாம் நம்பர் அறைக்கு நேர் எதிரே கடல். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நெய்வேலியிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் வருகிற புருஷன் பெண்டாட்டிகள் அதில் கால்நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். பேசக்கூட மாட்டார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போன பிறகு நாற்காலியில் படிந்த உப்பைத் துடைக்கும்போது மேரிக்குக் கை நின்றுவிடும். நாமும் ஒரு நாள் இப்படி. அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

போனில் கடலைக் காட்டினால் அவன், "அத ஏன்டி காட்டுற? ஒன் மூஞ்சியக் காட்டு" என்பான். அவளும் அதைக் கொஞ்சல் என்றே எடுத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஆடியில் அவனுக்கு லீவு கிடைத்தது. ஆடியில் ரிசார்ட் காற்றாடும். மேனேஜர் கார்த்திகேசனிடம் தயங்கித் தயங்கி ஆறாம் நம்பரைக் கேட்டாள். "இதுக்கா இவ்ளோ இழுக்குறீங்க? செவ்வாக்கெழம ரூம் காலிதான், எடுத்துக்கங்க மேரியக்கா" என்று சாவியை நீட்டிவிட்டான்.

சமையல்கட்டுத் தில்லையம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏண்டி, அம்பது வயசுல ஹனிமூனா? பாயாசம் வைக்கட்டுமா, கஞ்சி வைக்கட்டுமா?"

"யக்கா, நீ எறா வறுத்து வையி. மத்தத நான் பாத்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் இருவரும் வந்தார்கள். முன்கேட் திறந்திருக்க, மேரி பழக்கதோஷத்தில் பின்பக்கமாகவே புருஷனை அழைத்து வந்தாள். ஆறாம் நம்பர் வாசலில் நின்று கதவைத் தட்டினாள். தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

"சாவி ஒன் கையிலதான இருக்கு? உள்ள யாரு கெடக்குறா?" என்றான் செபாஸ்டின்.

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே காலையில் அவளே விரித்த படுக்கை. அதன் மேல் துண்டை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தாள்.

"இது என்னாடி, வாத்தா?"

"அன்னம். கெஸ்ட்டுக்குத்தான் வைப்போம்."

அவன் அதைக் கலைக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தான். அடுத்து எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். திரையையும் இழுத்துவிட்டான்.

"ஏங்க, வெளிய ஒக்காரலாங்க. அதுக்குத்தான வந்தோம்?"

"இந்த அலைச் சத்தத்துலயே ரெண்டு வருஷம் படுத்துக் கெடந்தவன்டி நானு. வூட்டுக்குப் போயிடலாமா? ஃபேனப் போட்டுட்டுப் படுத்தா தூக்கமாச்சும் வரும்."

மேரி தரையில் கிடந்த மணலைக் காலால் கூட்டிக்கொண்டே நின்றாள். கோபம் வந்தால் ஏதாவது கூட்டுவாள், அவள் வழக்கம் அது. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனே கதவைத் திறந்து வெளியே வந்தான். ஒரு நாற்காலியைத் திருப்பி, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தில்லையம்மாள் இறால் வறுவலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்து, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு போனாள்.

"அங்க என்னா ஆச்சு?" என்றாள் மேரி.

"ஒண்ணும் ஆவல." இறாலை வாயில் போட்டு மென்றான். "கூட இருந்த ஒருத்தன் வலை கயித்துல கால் மாட்டித் தண்ணிக்குள்ள போயிட்டான். நல்ல பையன். உப்பு கம்மியா இருக்குல்ல இதுல?"

உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் தோளுக்கு மேலே கடல் வெயில் இறங்கிய நிறத்தில் கிடந்தது. எத்தனை காலம் ஏங்கியது. இத்தனை கிட்டத்தில் வந்தும் அவனோடு சேர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் உடனே எழுந்துவிடுவான். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

"கால் மட்டும் நனச்சுட்டு வந்துடறேங்க."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி நடந்தாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஈரமணல் தொடங்குகிற இடம்வரை வந்து, அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான் செபாஸ்டின். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கடலில் கிடந்தவன், கணுக்கால் தண்ணீரில் நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்து ஒவ்வொரு அலைக்கும் கத்தினான்.

"போதும் மேரி, வா! வந்துடு!"

காதில் விழாதவள் போல அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.